என் பேருக்கு ஒரு சுற்று

பின்லாந்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மாதம் பிறந்தால் ஒரு படிவம் வரும். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்: "சென்ற மாதம் உங்கள் மகிழ்ச்சிக்காக நீங்கள் என்ன செய்தீர்கள்?" கீழே நான்கு வரி எழுதும் அளவுக்கு ஒரு கட்டம். போன வருடம் முதல் தடவை இது வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் வேலை பார்த்த இடங்களில் லீவு எதற்குப் போட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள், சாப்பிட்டுவிட்டு வர இவ்வளவு நேரமா என்று கேட்டிருக்கிறார்கள். சந்தோஷத்துக்கு என்ன செய்தாய் என்று ஒரு மேலாளர் கேட்டால், யாரோ நம்மைப் பற்றிப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். இங்கே எல்லோரும் பொறுப்பாக உட்கார்ந்து நிரப்புகிறார்கள். பக்கத்து மேசைக்காரர் காட்டில் காளான் பறித்ததாக எழுதினார். எதிர் மேசைக்காரி, உறைந்த ஏரியில் துளை போட்டு அதற்குள் இறங்கிக் குளித்ததாக எழுதினாள். எங்கள் ஊரில் ஒருத்தி அப்படி இறங்கினால் தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிடுவார்கள். நான் ஒரு வாரம் யோசித்துவிட்டு உள்ளதை உள்ளபடியே எழுதினேன்: "ஏற்பாடு செய்திருக்கிறேன். ஊரில் என் தங்கை பார்த்துக்கொள்கிறாள்."

மறுநாள் மேலாளர் ரீக்கா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், பேசும்போது கண்ணை நேராகப் பார்ப்பவள். "உங்கள் தங்கை மனநல ஆலோசகரா?" என்று கேட்டாள். இல்லை, வீட்டில் இருக்கிறாள், மாடு இருக்கிறது, நிலக்கடலை போடுகிறார்கள் என்றேன். "அப்படியென்றால் உங்களுக்காக என்ன செய்கிறார்?" நடக்கிறாள் என்றேன். ஒரு மலையைச் சுற்றி. என் பெயரில். ரீக்கா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு, "அதாவது உங்கள் மகிழ்ச்சியை இந்தியாவுக்கு அவுட்சோர்ஸ் செய்திருக்கிறீர்கள்" என்றாள். எங்கள் கம்பெனி செய்வதே அந்த வேலைதான் என்பதால் அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "தரம் எப்படி இருக்கிறது?" என்று அக்கறையோடு விசாரித்தாள். சமீபகாலமாகக் கொஞ்சம் மோசம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பௌர்ணமிக்கு எங்கள் மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடப்பார்கள். மலை வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். வழியில் எட்டு லிங்கங்கள். இதற்காக எங்கெங்கிருந்தோ லட்சக்கணக்கில் வருவார்கள். நானோ அந்த ஊரில் பிறந்து, மாடிக்குப் போனால் மலை தெரியும் வீட்டில் இருபத்தேழு வருடம் இருந்து, ஒருமுறைகூடச் சுற்றியதில்லை. பௌர்ணமி என்றால் எங்களுக்கு, பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், பால் லேட்டாக வரும், ஆட்டோக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார், அவ்வளவுதான். மலை எங்கே போய்விடப் போகிறது, ஒருநாள் சுற்றினால் ஆச்சு என்று இருந்தோம். மலை எங்கேயும் போகவில்லை. நான்தான் போனேன், முதலில் சென்னைக்கு, பல வருடம் கழித்துப் பின்லாந்துக்கு.

போகிற அன்று சென்னை விமான நிலையத்தில் வழியனுப்ப வந்த தங்கை வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக மாசாமாசம் பௌர்ணமிக்கு ஒரு சுத்து சுத்திடு வள்ளி. நான் சந்தோஷமா இருக்கணும், அவ்ளோதான்" என்றேன். அவளை அப்போது கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நம் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி மொட்டை போட்டுக்கொள்வாள். ஒருவன் பரீட்சை எழுதினால் அவன் அம்மா தேங்காய் உடைப்பாள். வள்ளியும் தட்டாமல் சரி என்றாள். அன்றிலிருந்து ஆறு வருடமாக, மாதம் தவறாமல், விடியற்காலை முதல் பஸ்ஸில் டவுனுக்கு வந்து, ராஜகோபுரத்துக்கு எதிரே சூடம் ஏற்றி, "விசாகம், துலா ராசி, சேகர்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பிப்பாள். எட்டு லிங்கத்துக்கும் ஒவ்வொரு படம் போனில் வரும். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் பொம்மை அனுப்புவேன். என் மகிழ்ச்சிக்காக மாதத்துக்கு எட்டுக் கட்டைவிரல். அதற்கு மேல் நான் எதுவும் செய்ததாக நினைவில்லை.

ஆனாலும் என்னவோ சரியில்லை. வீடு இருக்கிறது, வெந்நீர் இருக்கிறது, சம்பளம் நேரத்துக்கு வருகிறது, ஆனால் காலையில் எழுந்தால் நெஞ்சில் ஒரு மூட்டை. முதல் குளிர்காலத்தில் இருட்டைக் குறை சொன்னேன். அடுத்த வருடம் இவர்களுடைய கறுப்பு ரொட்டியை. அதற்கடுத்து ரீக்காவை. அதன் பிறகு ஒரு வருடம் முழுக்க என் மனைவி சுதாவை. சுதா இங்கே குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். பின்னிஷ் மொழி கற்றுக்கொண்டாள், பக்கத்து வீட்டுப் பெண்களோடு சவ்னா என்னும் நீராவி அறைக்குப் போய் வேர்த்து விறுவிறுத்து வருகிறாள், காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கி, தொபுகடீர் என்று விழுந்து, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்கிறாள். ஒருநாள் நான் முனகிக்கொண்டிருந்தபோது அவள் பாத்திரத்தைத் துடைத்தபடியே சொன்னாள்: "நீங்க சந்தோஷமா இல்லாததுக்கு வருஷா வருஷம் ஒரு ஆளைப் புடிக்கறீங்க. போன வருஷம் நானு. இந்த வருஷம் யாரு?" எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் போனை எடுத்துப் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த நாயைப் பார்த்தேன்.

நிருதி லிங்கத்தின் முன்னால் ஒரு செம்பட்டை நாய் வாலை மூக்கில் வைத்துச் சுருண்டு படுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் யாரோ வைத்த மஞ்சள் பை. அதற்கு முந்தைய மாதப் படத்திலும் அதே நாய், அதே சுருள், அதே பை. அதற்கும் முந்தைய மாதமும் அப்படியே. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். பையின் காது மடிந்திருந்த விதம்கூட மாறவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அட, இதுதான் விஷயமா! நிருதி லிங்கத்துக்கு வள்ளி போவதே இல்லை. பழைய படத்தை அனுப்பி ஒப்பேற்றுகிறாள். எட்டில் ஒன்று குறைகிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் என் சந்தோஷம் ஒழுகிக்கொண்டிருக்கிறது. சுதாவிடம் காட்டினேன். அவள் நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்த வருஷம் உங்க தங்கச்சியா? பாவம் அவ" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, யாருக்கும் சொல்லாமல் ஊருக்குப் போனேன். தங்கையைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக ஒரு நாற்பத்தாறு வயது ஆள் இரண்டு விமானம் மாறிப் போனான். பௌர்ணமிக்கு முதல்நாள் டவுனில் ஒரு லாட்ஜில் தங்கினேன். வரவேற்பு மேசையில் இருந்தவர் என் குல்லாவையும் தோள்பையையும் பார்த்து, ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரன் என்று நினைத்து, இங்கிலீஷில் தியானம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நான் இந்த ஊர்க்காரன்ங்க என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க. மலையைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்குதுன்னு" என்றார். நான் சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் குல்லாவும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு கோபுரத்துக்கு எதிரே ஒரு பூக்கடை ஓரமாக நின்றேன். வள்ளி வந்தாள். கூடவே ஒரு பெண். அவர் பெயர் பத்மா என்பதும், வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் என்பதும், மலைசுற்றும் வழியில்தான் இருவரும் பழக்கமானார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. வள்ளி சூடம் ஏற்றினாள். என் நட்சத்திரத்தையும் ராசியையும் பேரையும் சொன்னாள். காதால் கேட்டபோது ஒரு மாதிரி இருந்தது, ஒளிந்துகொண்டு கேட்டதால் இன்னும் ஒரு மாதிரி. அவர்கள் நடந்தார்கள். நான் பத்தடி பின்னால். ஒவ்வொரு லிங்கத்திலும் படம் வந்து என் போன் அடித்தது, கூட்டத்து இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. தங்கைதான் வெறுங்காலோடு நடக்கிறாள் என்று ஆறு வருடம் படத்தில் பார்த்தவனுக்கு, சின்னச் சின்னக் கல் எப்படிக் குத்தும் என்பது அக்னி லிங்கம் வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. யம லிங்கம் தாண்டியபோது அவர்கள் நடையோடு நடையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வள்ளி இடுப்பில் கை வைத்து, குனிந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் அவள் இப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. என்னுடைய வேண்டுதலில் இவளுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிருதி லிங்கம் வந்தது. இருவரும் லிங்கத்துக்குப் போகாமல் எதிரே ஒரு தள்ளுவண்டியில் சுக்குக் காபி வாங்கிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். கால் நீட்டி, ஊதி ஊதிக் குடித்து, சாவகாசமாக ஊர்க்கதை. நான் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நின்று ஒரு கால் மாற்றி ஒரு கால் தூக்கிக்கொண்டிருந்தேன். அரைமணி ஆகியிருக்கும். "ஐயையோ, அண்ணனுக்கு அனுப்பலையே" என்று வள்ளி நெற்றியில் தட்டிக்கொண்டு, போனை எடுத்து ஏதோ தேடி, அழுத்தினாள். அடுத்த நொடி என் சட்டைப் பையில் டிங்கென்று மணி அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். போனை வெளியே எடுத்தேன். அதே நாய், அதே பை. எதற்கென்று தெரியவில்லை, ஆறு வருடப் பழக்கமோ என்னவோ, என் விரல் தானாகப் போய்க் கட்டைவிரல் பொம்மையை அழுத்திவிட்டது. இப்போது அவள் போனில் டிங்.

"அண்ணா?" என்றாள். பிறகு என் குல்லாவையும் முகக்கவசத்தையும் பார்த்து, "இன்னாண்ணா இது வேஷம்!" என்றாள்.

நடுவழியில் நின்று சண்டை போடக் கூடாது, சுற்றை முடித்துவிட வேண்டும் என்று பத்மா சொன்னதால், நடந்துகொண்டே சண்டை போட்டோம். உனக்காகத்தான் வேண்டிக்கறேன், எட்டு லிங்கமும் கும்பிடறேன், அந்த ஒண்ணை மட்டும் எதுத்தாப்புல உக்காந்தே கும்பிட்டுடறேன், அது ஒரு தப்பா என்றாள் வள்ளி. அங்கே ஒரு வருடமாக என் வாழ்க்கையே சரியில்லை, நீ இங்கே காபி குடிக்கிறாய் என்றேன். இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அன்று வாய் கூசாமல் சொன்னேன். "சார் தப்பா நெனைக்காதீங்க, சாமி சமாச்சாரம் எனக்குத் தெரியாது. நாங்க ஜெயினர். எனக்கு சுகர் ஜாஸ்தி, அதுக்காக நடக்கறேன்" என்று பத்மா சமாதானம் செய்ய வந்தார். வருண லிங்கத்தின் முன்னால் நான் பெரிய மனுஷத்தனமாக முடிவைச் சொன்னேன்: "போதும். இனிமே எனக்காக நீ நடக்க வேணாம். நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன். மாப்ளகிட்டயும் சொல்லிடறேன்." வள்ளியின் முகம் செத்துவிட்டது. வாயு லிங்கம், குபேர லிங்கம் இரண்டிலும் தலை குனிந்தபடி கும்பிட்டாள். குற்றம் செய்தவள், உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குபேர லிங்கம் தாண்டினால் இடுக்குப் பிள்ளையார். சின்னக் கல் மண்டபம். பின்பக்கம் ஒரு குறுகலான சந்து வழியாக ஒருக்களித்துப் படுத்து ஊர்ந்து முன்பக்கம் வெளியே வர வேண்டும். வந்தால் உடம்பு நோவெல்லாம் போகும் என்பார்கள். வள்ளி மீன் மாதிரி நுழைந்து வந்துவிட்டாள். வீறாப்பில் நானும் நுழைந்தேன். ஆறு வருடம் பின்லாந்துப் பாலாடைக்கட்டி தின்ற வயிறு என்பதை மறந்துவிட்டேன். தலையும் கையும் வெளியே வந்தன. வயிறு வரவில்லை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பின்னால் வரிசையில் முப்பது பேர். "யாருப்பா அது, உள்ளயே குடும்பம் நடத்தறது?" என்று ஒரு குரல் கேட்டது. பத்மா என் காலைப் பிடித்துத் தள்ளினார். வள்ளி முன்னால் குந்தி என் இரண்டு கையையும் பிடித்தாள். இழுக்கவில்லை.

"அண்ணா, இப்ப நீ எங்கயும் எழுந்து போக முடியாது. அதனால சொல்றேன், கோச்சிக்காம கேளு."

"மொதல்ல இழு வள்ளி!"

"சொல்லிட்டு இழுக்கறேன். நீ சந்தோஷமாயிட்டா நான் எப்படிண்ணா வெளிய வர்றது?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "கல்யாணம் ஆனதுலருந்து எனக்குன்னு ஒரு எடத்துக்குப் போயிருக்கனா நானு? ஆஸ்பத்திரிக்குப் போனேன், கல்யாணத்துக்குப் போனேன், சாவுக்குப் போனேன். எனக்குப் புடிச்சிருக்குது, போறேன்னு சொன்னா எதுக்குன்னு கேப்பாங்க. அண்ணனுக்காகன்னு சொன்னா ஒருத்தரும் கேக்கறதில்ல. மாசத்துல இந்த ஒருநாள்தான் நானு. இதையும் வேணாம்னுட்டியே நீ." அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மூக்கைத் துடைக்க என் கையை விட்டாள், பிறகு மறுபடி பிடித்துக்கொண்டாள். "இன்னொண்ணும் சொல்லிடறேன். எட்டு லிங்கத்துலயும் இன்னா வேண்டிக்கறேன் தெரியுமா? எங்க அண்ணனுக்கு சந்தோஷத்தைக் குடு சாமி. ஆனா ஒரேயடியா குடுத்துடாத. கொஞ்சம் கொஞ்சமா குடு."

"சில மாசம் 'இந்த மாசம் கொஞ்சம் கம்மியாவே குடு'ன்னும் வேண்டிக்குவா சார்" என்று என் காலடியிலிருந்து பத்மாவின் குரல் வந்தது.

கோபப்பட மூச்சு வேண்டும். எனக்கு மூச்சு விடவே இடமில்லை. நான்கு பக்கமும் கல். நெஞ்சில் இருந்த அந்த மூட்டையோடு சேர்ந்து அங்கே மாட்டிக்கொண்டு கிடந்தேன். ஆறு வருடமாக நான் ஒரு வேலையும் செய்யாமல் சந்தோஷம் பார்சலில் வரும் என்று காத்திருந்தேன், இவள் இங்கே அனுப்புகிற இடத்திலேயே உட்கார்ந்து, அதிகம் அனுப்பிவிடாதே என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். குறை சொல்ல ஆள் தேடி இரண்டு விமானம் மாறி வந்தவன் இப்போது ஒரு பொந்தில். நினைக்க நினைக்க எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்ததில் இருந்த காற்றெல்லாம் வெளியே போய் வயிறு ஒரு விரல்கடை இளைத்தது. "இப்ப இழுடி!" என்று பத்மா கத்த, வள்ளி இழுக்க, சட்டைப் பொத்தான் இரண்டு தெறித்து நான் வெளியே வந்து விழுந்தேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். முழங்கை சிராய்த்து எரிந்தது. நானும் வள்ளியும் மண்ணில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பார்த்து, அடக்க முடியாமல் சிரித்தோம்.

கடைசியாக ஈசான்ய லிங்கம். தட்டோடு வந்தவர் பேர், நட்சத்திரம் கேட்டார். வள்ளி பழக்கத்தில், "விசாகம், துலா ராசி" என்று ஆரம்பித்தாள். "அது என்னுது. நான் சொல்லிக்கறேன். நீ உன்னுதைச் சொல்லு" என்றேன். அவள் திகைத்தாள். கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது. "ரோகிணி" என்றாள். பிறகு, "ரிஷப ராசி. வள்ளி" என்றாள்.

மத்தியானம் கீழ்பென்னாத்தூர் வீட்டில் சாப்பாடு. தங்கை கணவர் ஏழுமலை நல்ல மனிதர், உர மூட்டையைத் தூக்குவது மாதிரி எதையும் நேராகத் தூக்கிப் போடுகிறவர். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்: "மச்சான், கேக்கணும்னு இருந்தேன். ஆறு வருஷமா இவ சுத்தறா. இப்ப சந்தோஷமா இருக்கீங்களா?" சமையலறை வாசலில் வள்ளி அப்பளத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்கும் வாயில் சோறு நின்றது. இருக்கிறேன் என்று சொன்னால் அவளுக்கு இனி பௌர்ணமி கிடையாது. இல்லை என்று சொன்னால் அவளுக்கு வழி உண்டு, ஆனால் இன்னும் இருபது வருடம் நான் துக்கமாகவே இருந்தாக வேண்டும், அதுவும் அவளுக்காக. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று மத்தியானம் நான் சந்தோஷமாக இருந்தேன். முழங்கை எரிந்தது, பாதம் கொப்பளித்திருந்தது, ஆனால் நெஞ்சில் ஒன்றும் இல்லை.

"அண்ணன் இருந்தா இருக்குது, இல்லாட்டி போகுது" என்றாள் வள்ளி. "இனிமே என் பேருக்குப் போறேன். எனக்குப் புடிச்சிருக்குது. அதனால போறேன்."

ஏழுமலை ரசத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் பெரிய சண்டைக்குத் தயாரானேன். அவரோ, "அப்ப காலையில மாட்டுக்குத் தீனி யாரு வைக்கறது?" என்றார்.

"இத்தனை வருஷமா பௌர்ணமிக்கு யாரு வெச்சாங்க?"

அவர் யோசித்தார். "நான்தான்" என்றார், தானே ஆச்சரியப்பட்டவர் மாதிரி. பிறகு, "அப்பளம் நமுத்துடும், குடு" என்றார். அவ்வளவுதான். ஒரு பெண் பதினைந்து வருடம் பயந்திருந்த கேள்வி ஓர் அப்பளத்தோடு முடிந்துபோனது. வள்ளி உள்ளே போய்விட்டாள். பாத்திரச் சத்தத்துக்கு நடுவே அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்த வாரம் படிவத்தோடு ரீக்கா கூப்பிட்டாள். தங்கையின் சேவை தொடர்கிறதா என்று கேட்டாள். இல்லை, நிறுத்திவிட்டாள் என்றேன். "வருந்துகிறேன். வேலையை விட்டு நீக்கிவிட்டீர்களா?" நீக்கத்தான் பார்த்தேன், அதற்குள் அவளே சொந்தமாக ஆரம்பித்துவிட்டாள் என்றேன். ரீக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெண்கள் சுயதொழில் தொடங்குவதை இந்த நாட்டில் மிகவும் மதிப்பார்கள். என் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டாள். நானே நடக்கப் போகிறேன் என்று எழுதினேன். எவ்வளவு தூரம், எந்த மாதிரி ஷூ என்று அவள் கேட்டதற்கு, நடந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. சுற்றி வர ஒரு மணி நேரம். இப்போது பௌர்ணமிதோறும் காலையில், அலுவலகம் போவதற்கு முன் சுற்றுகிறேன். வெறுங்காலோடு இல்லை, விரல் உதிர்ந்துவிடும். எட்டு இடம் வைத்திருக்கிறேன்: படகுத்துறை, சவ்னா குடிசை, மூன்றாவதாக ஒரு பெஞ்ச், இப்படி. ஒவ்வொன்றிலும் படம் எடுத்து வள்ளிக்கு அனுப்புவேன். அவளும் தன் எட்டை அனுப்புவாள். யாரும் யாருக்காகவும் வேண்டிக்கொள்வதில்லை. நீயும் நடக்கிறாயா, நானும் நடக்கிறேன், அந்த அளவுக்குத்தான். எப்போதும் சந்தோஷமாக இருக்கிறேனா என்றால் இல்லை. சில நாள் அந்த மூட்டை வருகிறது. ஆனால் அது யாருடையது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

போன பௌர்ணமி அன்று கடுங்குளிர். சுதாவும் கூட வந்தாள். மூன்றாவது இடமான பெஞ்சில் கையுறையைக் கழற்ற மனம் வரவில்லை. முந்தைய மாதப் படம் ஒன்று போனில் இருந்தது. வீட்டில் இருந்தே வைத்திருந்த எண்ணம் இல்லை, சத்தியமாக. அந்தச் சமயத்தில் தோன்றியது. ஒரு விரலை மட்டும் வெளியே நீட்டி அனுப்பிவிட்டேன். நான்காவது இடத்தைத் தாண்டிப் பாதி வழி போயிருப்போம், டிங் என்றது. வள்ளி: "மொதல் படத்துல ஏரி பாறையாட்டம் கெட்டியா கெடக்குது. மூணாவதுல வாத்து நீந்துது. போன மாசத்துதுதானேண்ணா இது?" கீழே ஒரு நாய் பொம்மை அனுப்பியிருந்தாள்.

சுதா பனியில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க, போய் எடுத்துட்டு வாங்க. பின்னால பத்து நிமிஷம் நடந்தா பெஞ்சு வந்துடும்" என்றாள். நான் திரும்பினேன். திரும்பியதும் ஏரி என் இடது கைப் பக்கம் வந்துவிட்டது. தினமும் அங்கே நடக்கும் ஒரு கிழவர் இரண்டு கம்பை ஊன்றிக்கொண்டு, ஏரியை இடது பக்கம் வைத்து ஜாலியாகப் போனார். எனக்குக் கால் வரவில்லை. ஊரில் இருந்த இருபத்தேழு வருடத்தில் ஒருமுறைகூட மலை சுற்றாதவனுக்கு இங்கே இடது பக்கமாக ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

"வலது பக்கம் இருக்கணும்" என்றேன்.

"இது மலையே இல்லையே" என்றாள் சுதா.

"தெரியும்" என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, காபி போட வீட்டுக்குப் போய்விட்டாள். கையுறையைக் கழற்றி, அலுவலகத்துக்கு லேட்டாகும் என்று ரீக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். காரணத்தை எப்படி எழுதுவது என்று தெரியாததால் எழுதவில்லை. போனை உள்பாக்கெட்டில் போட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, ஏரியை வலது கைப் பக்கமாகவே வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் பின்னால் இருந்த அந்தப் பெஞ்சுக்குப் போக, மீதி ஐம்பது நிமிடச் சுற்றையும் முன்னால் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.